வதனியின் பிறந்தநாளுக்குச் சமைத்தவன்

1

இன்று ஐப்பசி மாதத்து உத்தரட்டாதி. என் மகள் வதனிக்கு இன்றோடு பதினெட்டு வயது. நல்ல வேளையாக ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. மனைவி சரசுவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் லீவு. மகன் குகனும் வீட்டில் நிற்கிறான். வதனி மட்டும் இல்லை. அவள் கரவெட்டியில் என் தங்கை பூமணியோடு இருக்கிறாள். நாங்கள் மூவரும் இங்கிலாந்தின் வடக்கே, பகல் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டிய ஒரு நகரத்தில் இருக்கிறோம்.

விடிந்ததும் முழுகிவிட்டுக் குசினிக்குள் போனேன். பருப்பை அவிய வைத்தேன். கத்தரிக்காயை நீளமாக வெட்டி உப்பு மஞ்சள் பிரட்டி வைத்தேன். அந்தக் கத்தரிக்காய்க்காக நேற்று இரண்டு பஸ் ஏறி இறங்கினேன். வாழைக்காயும் பயற்றங்காயும் அதே கடையில்தான் கிடைத்தன. தேங்காய் ஒன்றை உடைத்து, முதற் பிழிவான தலைப்பால் வேறு, அடுத்த பிழிவான கப்பிப்பால் வேறாக எடுத்தேன். நாலு வருடமாக இந்த நாளில் இதுதான் வழக்கம். அங்கே பூமணி சமைக்கிறாள், இங்கே நான் சமைக்கிறேன். இரண்டு வீட்டிலும் ஒரே கறிகள்.

இந்த வருடம் மட்டும் சமையல் ஒரு நிதானத்துக்கு வரவில்லை. பாயாசத்துக்குப் பயறு வறுக்கும்போது கருக விட்டேன். இரண்டாம் தரம் வறுத்தேன். காரணம், இந்தப் பிறந்தநாள் சமையலைப் பற்றி ஓர் அரசாங்கம் எங்களை விசாரித்திருக்கிறது. விசாரித்து, வதனி என் மகள்தான் என்று நம்பப் போதிய காரணம் இல்லையென்று கடதாசியில் அடித்துத் தந்திருக்கிறது. நாங்கள் மேன்முறையீடு செய்திருக்கிறோம். தை மாதத்தில் விசாரணை. அதில் தோற்றால், பதினெட்டு முடிந்த பிள்ளைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வழியில்லை. அவள் அங்கே, நாங்கள் இங்கே என்று ஆகிவிடும்.

நடந்ததை ஊரவர்களுக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு தேவையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

என்னைச் சமையற்காரன் ஆக்கியது இலங்கை அரசாங்கம். தெற்கே ஒரு கச்சேரியில், மாவட்ட அரசாங்கக் கந்தோரில், நான் லிகிதராக இருந்தேன். ஐம்பத்தாறாம் ஆண்டில் சிங்களம் ஒன்றுதான் அரச மொழி என்று சட்டம் செய்தார்கள். எனக்குச் சிங்களம் தெரியும். சந்தையில் மீனுக்கு விலை பேசினேன், கூட வேலை செய்தவர்களோடு பகிடி விட்டேன், அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் சாப்பிட்டேன். ஆனால் பரீட்சை எழுது என்றார்கள். பன்னிரண்டு வருடம் கோவைகளை எழுதி, கூட்டி, சரிபார்த்துக் கொடுத்த ஒருவனைப் பார்த்து, உனக்கு எழுத வாசிக்கத் தெரியுமென்று இனித்தான் நீ காட்டவேண்டும் என்றார்கள். எழுதியிருந்தால் சித்தியடைந்திருப்பேன். எழுதவில்லை. சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பேசாமல் இருந்தேன். பிறகு, சிங்களத்தில் வேலை செய்ய விருப்பமில்லாதவர்கள் ஓய்வு பெறலாம் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பத்தொன்பதாவது வயதில் பென்சன்காரனாகக் கரவெட்டிக்கு வந்து இறங்கினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

சரசு ஆஸ்பத்திரியில் தாதி. காலை பஸ்ஸில் போய்விடுவாள். குகனுக்கு நாலு வயது, வதனிக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை. வீட்டில் இருந்த பெரிய ஆள் நான் ஒருவன்தான். ஆகவே அடுப்பு என்னிடம் வந்தது. முதற் கிழமை சோறு களியாகவும் பருப்பு கல்லாகவும் இருந்தன. பிறகு கந்தோர்ப் புத்தி வேலை செய்தது. சரசு சொல்லச் சொல்ல நீளக் கடதாசியில் இலக்கமிட்டு எழுதி, கறிக்கு ஒரு தாளாகக் கோவை திறந்தேன். ஆறு மாதத்தில் கோவை பார்க்காமலே சமைத்தேன்.

சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றால் யாராவது பிடித்துவிடுவார்கள்.

"என்ன காணும் கிளாக்கர், பேனையை வைச்சிட்டு அகப்பையைத் தூக்கிட்டீராம்?"

"ஓம் காணும். சிங்களம் படிக்கச் சொன்னாங்கள், நான் சமையல் படிச்சன்."

"மனுசி சம்பளம் கொண்டு வாறா, நீர் சோறு குடுக்கிறீர். ஆர் காணும் அங்கை ஆம்பிளை?"

"கறி ருசியாயிருந்தால் நான். உப்புக் கூடினால் அவ."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் அதுதான். காலையில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவேன். பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வரும் வழியில் வாசிகசாலையில் இரண்டு பத்திரிகைகள் பார்ப்பேன். பதினொரு மணிக்கு உலை வைப்பேன். சாப்பிட்டபின் சாய்மனைக் கதிரையில் ஒரு மணிநேரம் கண்ணயர்வேன். இந்த நேரத்தில் கச்சேரியில் யார் யாருடைய மேசையில் எந்தக் கோவை கிடந்து நாறுகிறதோ என்று நினைத்துக்கொண்டே நித்திரையாகிப் போவதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

வதனியின் பிறந்தநாள் என்றால் நாலு நாளைக்கு முன்பே பஞ்சாங்கத்தை எடுப்பேன். ஐப்பசியில் உத்தரட்டாதி எந்த நாளில் என்று பார்ப்பேன். சில வருடம் ஒரே மாதத்தில் இரண்டு தரம் வரும். அப்போது பின்னால் வருவதை எடுப்போம். இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இது எவ்வளவு விளங்காத விஷயம் என்பதைப் பிறகு கண்டேன். அன்று காலை கோயிலில் அவள் பெயருக்கு அருச்சனை, மத்தியானம் இருபது முப்பது பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு. சரசு அங்கே இருந்த வருடங்களிலும் சரி, இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தபிறகும் சரி, சமைத்தவன் நான். பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் போனவனும் நான்.

ஒரு குறை மட்டும் என்னிடம் இருந்தது. பழைய கச்சேரி நண்பர்களோ, உத்தியோகத்தில் உள்ள பெரிய ஆட்களோ படலையைத் திறந்தால், தோளில் கிடக்கும் துவாயை எறிந்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன் விறாந்தையில் போய் இருந்துவிடுவேன். சரசு அல்லது பூமணி அகப்பையோடு நிற்பாள். வந்தவர்கள் "உங்கடை மனுசியின்ரை கைப்பக்குவம்" என்று சொன்னால் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல்தான் இன்று என் கழுத்தில் வந்து நிற்கிறது.

3

குகனுக்குப் பதினெட்டு நெருங்கியபோது, அந்த வயது கடந்தால் இங்கிலாந்து விசாவுக்குப் பிள்ளை என்ற கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்று சரசு எழுதினாள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தி வைத்திருந்த அந்த நாட்டில், அவன் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமென்று யாரும் சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வதனிக்கு அப்போது பதினாலு. சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "உவளுக்கு இன்னும் நாள் இருக்கு, சோதினை முடியட்டும்" என்று சொன்னவன் நான்தான்.

இங்கே ஒரு நெசவாலையின் களஞ்சியத்தில் வேலை செய்தேன். போன வருடம் ஆலையை மூடினார்கள். இரண்டாம் முறையாகவும் வயது வருமுன்னே ஓய்வு. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இருப்பதால் அதிகம் கலங்கவில்லை. காலையில் நூல்நிலையத்தில் சூட்டுக் குழாயோடு ஒட்டிய மேசை ஒன்று எனக்கென்று இருக்கிறது. சந்தை கலையும் நேரத்தில் போனால் நல்ல முட்டைக்கோவா கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கிழவர் தன் தோட்டத்து அவரைக்காயை வேலிக்கு மேலால் தருவார், நான் வடை கொடுப்பேன். சரசு வேலையால் வரும்போது சோறு சூடாக இருக்கும். வதனியும் வந்துவிட்டால் குறையில்லை என்றுதான் போன வருடம் அவளுக்கு விசா விண்ணப்பம் போட்டோம்.

இவ்வருடத் தொடக்கத்தில் இங்கே என்னைக் குடிவரவுக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன் ஒருவன் தேநீர் தந்து, மரியாதையாகத்தான் கேட்டான். மகளின் பிறந்தநாளை எப்போது கொண்டாடுவீர்கள்? சான்றிதழில் உள்ள ஒக்டோபர் கடைசித் திகதியைச் சொன்னேன். அன்று என்ன செய்வீர்கள்? மத்தியானச் சாப்பாடு என்றேன். யார் சமைப்பது?

நான் அன்று கோட்டுப் போட்டிருந்தேன். தொழில் என்ற இடத்தில் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தன் என்று எழுதியிருந்தேன். அவன் பேனையோடு காத்திருந்தான்.

"என் மனைவி" என்றேன்.

மனைவி இங்கே வந்தபிறகு?

"என் தங்கை."

இரண்டு பதிலையும் அவன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டான். கந்தோரில் வளர்ந்தவன் கந்தோருக்குப் பொருந்தும் பதிலைச் சொல்லிவிட்டேன். திகதி கேட்டால் சான்றிதழ்த் திகதி. சமைப்பது கேட்டால் பெண்கள். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து நல்லபடி முடிந்தது என்று சரசுவுக்குச் சொன்னேன்.

அதே மாதம் வதனியைக் கொழும்பில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அழைத்தார்கள். பூமணி கூட்டிக்கொண்டு போனாள். அறைக்குள் வதனி தனியாக. எதிரே ஓர் அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். என் மகள் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னாள். பிறந்தநாள் போன வருடம் எப்போது? ஒக்டோபர் மூன்றாம் கிழமையில். அதற்கு முந்திய வருடம்? நவம்பர் பிறந்தபிறகு. சான்றிதழில் ஒக்டோபர் கடைசி என்று இருக்கிறதே? அது திகதி, இது நட்சத்திரம் என்று விளக்கியிருக்கிறாள். அதிகாரி விளக்கத்தை எழுதவில்லை, மூன்று திகதிகளை மட்டும் எழுதினார். பிறகு, தகப்பன் ஊரில் இருந்த காலத்தில் யார் சமைத்தது என்று கேட்டார்.

"அப்பா" என்றாள் வதனி.

4

மறுப்புக் கடிதத்தை எனக்கு மனப்பாடமாகச் சொல்ல வரும். தன் பிறந்தநாளையே இந்தப் பெண்ணால் நிலையாகச் சொல்ல முடியவில்லை. வருடத்துக்கு ஒரு திகதி சொல்கிறார். தகப்பன் என்று சொல்பவர் வேறு திகதி சொல்கிறார். வீட்டில் சமைத்தவர் யார் என்ற சாதாரண விஷயத்திலும் இருவரும் முரண்படுகிறார்கள். தகப்பனே சமைத்தார் என்று பெண் சொல்வது அந்தச் சமூகத்தின் வழக்கத்தோடு பொருந்தவில்லை. ஆகவே இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்பதை ஏற்பதற்கில்லை.

அந்தச் சமூகத்தின் வழக்கம்! எங்கள் வழக்கத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். பஞ்சாங்கம் என்ற ஒன்று இருக்கிறது, ஒரு கோடி வீடுகளில் பிள்ளைகளின் நாளை அதில்தான் பார்க்கிறார்கள் என்பது தெரியாது, தெரியவும் வேண்டாம். அடுப்படியில் ஆண் நிற்கமாட்டான் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஓர் அரசாங்கம் எனக்கு எழுதத் தெரியாது என்றது. இன்னோர் அரசாங்கம் எனக்குச் சமைக்கத் தெரியாது என்கிறது. இரண்டுக்கும் தபாலில் வந்த கடதாசிதான் அத்தாட்சி.

சத்தம் போட்டு அந்தக் கடதாசியைச் சரசுவுக்கு வாசித்தேன். ஒரு கிழமை முழுக்கக் கண்டவர்களுக்கெல்லாம் வாசித்தேன். பிறகு வதனியின் நீல விமானத் தபாற் கடிதம் வந்தது. அதை யாருக்கும் வாசிக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"அப்பா, அந்த ஆள் சிரிச்சவர். 'அப்பாவோ? மாமி இல்லையோ?' எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவர். பூமணி மாமிக்குக் கத்தரிக்காய் பதமாப் பொரிக்கத் தெரியாது, அப்பாதான் எண்டு சொன்னன். தலைப்பால் எப்ப விடுறது, பயறு எவ்வளவு வறுக்கிறது எண்டு நீங்கள் செய்யிற மாதிரி முழுக்கச் சொன்னன். நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? என்னை விட்டிட்டுப் போனதுக்கு நான் ஒருநாளும் கோவிக்கேல்லை. இப்ப நான் பொய்க்காரி எண்டு அவங்கள் எழுதிப்போட்டாங்கள். நான் ஒரு சொல்லும் பொய் சொல்லேல்லை அப்பா."

பொய் சொன்னவன் நான். பொய்க்காரி ஆனவள் அவள்.

இந்தக் கடிதம் வந்து ஒரு மாதத்தில், பொலிஸ்காரர் வைத்த தீயில் யாழ்ப்பாணப் பட்டணம் எரிந்தது. நல்லூருக்கு ரியூசனுக்குப் போய்வருபவள் அவள். அன்று எங்கே நின்றாள், திரும்பினாளா என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் பூமணியின் தந்தி வந்தது. அந்த மூன்று நாளும் நான் அடுப்பு மூட்டவில்லை. நல்லபடி பதில் சொல்லியிருந்தால் அவள் அப்போது இங்கே இருந்திருப்பாள் என்பதைத் தவிர வேறொன்றும் என் மூளைக்குள் ஓடவில்லை. இன்றைக்கும் தபாற்காரன் தட்டினால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

5

இன்று மத்தியானம் நாலு சாப்பாட்டுக் கோப்பை வைத்தேன். ஒன்றில் வதனிக்கென்று எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுச் சாமிப்படத்தின் முன் வைத்துவிட்டு இருந்தோம். குகன் அப்போதுதான் எழும்பி வந்தான். இருபத்தொரு வயது. தன் பிறந்தநாளைச் சான்றிதழ்த் திகதியில் சிநேகிதர்களோடு வெளியில் கொண்டாடுபவன். நட்சத்திரம் என்னவென்று கேட்டால் யோசிப்பான். ஆனால் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை மூன்றாம் தரமும் போட்டான்.

"அப்பா, இஞ்சை ஆம்பிளையள் சமைச்சா ரீவியிலை காட்டுறாங்கள். நீங்கள் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்."

"சாப்பிடு, கதையாதை."

"அவன் கேட்டது ஆர் சமைக்கிறது எண்டுதானே? கொலை செய்தது ஆரெண்டு கேட்ட மாதிரி நீங்கள் அம்மாவைக் காட்டிக் குடுத்திருக்கிறியள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சரசுவுக்கு வரவில்லை. அவள் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "நான் எத்தினை வருசமா என்ரை ஆஸ்பத்திரி வாட்டிலை, எங்கடை வீட்டிலை அவர்தான் சமைக்கிறவர் எண்டு பெருமையாச் சொல்லித் திரியிறன். அந்த வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் வாயிலை வரேல்லை."

"அவன் அப்பிடிக் கேட்டவுடனை…"

"உங்கடை மரியாதைக்கு என்ரை பிள்ளையைக் குடுத்திட்டியள்."

குகன் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து கோப்பையை நெடுநேரம் கழுவினான். நான் பாயாசம் ஊற்றினேன். சரசு குடித்தாள். நல்லாயிருக்கு என்று சொன்னாள். அந்த நேரத்திலும் அவள் அதைச் சொன்னது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

எங்கள் வழக்கறிஞர் ஒரு நடுத்தர வயதுப் பெண். போன கிழமை அவரிடம் போய், நான்தான் சமைத்தேன், விசாரணையில் முழுவதும் சொல்கிறேன், வேண்டுமானால் அவர்கள் முன்னாலேயே சமைத்துக் காட்டுகிறேன் என்றேன். அது உதவாது என்று அவர் தலையை ஆட்டினார். ஒருமுறை மாற்றிச் சொன்னவரின் சொல்லுக்கு இனிப் பெறுமதி இல்லை, மனைவி மகன் சொல்வதையும் வீட்டார் சொல் என்று தள்ளுவார்கள் என்றார். பஞ்சாங்கத்துக்கு அவரே ஒரு கல்விமானின் குறிப்பை எடுத்துத் தருவாராம். ஆனால் சமையலுக்குச் சாட்சி வேண்டும். அந்த வீட்டுக்கு வந்து, கண்ணால் கண்டு, சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

இருக்கிறார்களா என்று கேட்கிறார்!

6

ஆகவே கரவெட்டியிலும் அதைச் சுற்றியும் இதை வாசிக்கும் உங்களிடம் வருகிறேன். பதின்மூன்று பதினாலு வருடம் என் வீட்டு இலையில் இருந்தவர்கள் நீங்கள். வதனியை மடியில் வைத்துச் சோறு தீத்தியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நான் துவாயோடு நின்ற கோலத்தைக் கண்டு பகிடி விட்டவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பகிடியெல்லாம் எனக்கு இப்போது தேவைப்படுகிறது. ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்து, மார்கழி பிறக்குமுன் பூமணியிடம் கொடுங்கள். சமாதான நீதவான் ஒருவரின் முத்திரையும் இருந்தால் நல்லது. அவள் சேர்த்து அனுப்புவாள். தமிழில் எழுதினால் போதும், இங்கே மொழிபெயர்த்துக் கொள்கிறோம்.

திகதி நினைவில்லாவிட்டால் திகதி போடவேண்டாம். ஐப்பசி உத்தரட்டாதி என்று எழுதுங்கள். நான் நல்லவன், படித்தவன், அரசாங்கத்தில் இருந்தவன் என்றெல்லாம் எழுதவேண்டாம். அவற்றை நானே வேண்டிய அளவு சொல்லிக் கெடுத்துவிட்டேன். என்னைக் குசினியில் கண்டீர்களா, என் கையில் என்ன இருந்தது, இலையில் என்ன விழுந்தது, வதனி எங்கே இருந்தாள், என்னை என்னவென்று கூப்பிட்டாள், அதை எழுதுங்கள். நான் முன் விறாந்தையில் சட்டை போட்டுக்கொண்டு இருந்ததைக் கண்டவர்கள் அதையும் எழுதலாம். அது ஏன் என்று கேட்டால் வெட்கத்தில் என்று நான் விசாரணையில் எழுந்து நின்று சொல்வேன்.

ஒரு வருடம் வடை எண்ணெய் குடித்துவிட்டது. இன்னொரு வருடம் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், ஒருவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். மரியாதைக்காக இனி அப்படி மறைக்கவேண்டாம். உப்புக் கூடியது என்றே எழுதுங்கள். போட்டது யார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.